காணாமல் போன ராசம்மாக்கள்

காலையில் மூன்று ராசம்மாக்கள் இருந்தார்கள். ரஜீவன் ஒரே ஒரு வரி தட்டினான், ஒருத்திதான் மிஞ்சினாள்.

இரத்தோட்டை அலுவலகத்தில், கூரைத்தகரம் கொடுப்பதற்காக எடுத்த தேயிலைத் தோட்டத்து ஆட்களின் படங்கள் அவை. படம் பிடித்த யாகூப் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் போட்டிருந்தான். கொழும்பு இணையத்தளமோ அடைப்புக்குறியைக் கண்டாலே படத்தைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொன்றாகத் திருத்த யாருக்குப் பொறுமை? கறுப்புத் திரையைத் திறந்து, எல்லா எண்ணையும் ஒரேயடியாக வெட்டும்படி ரஜீவன் கட்டளை கொடுத்தான். கணினி சொன்ன சொல் தட்டவில்லை. எண் போனதும் மூன்று படத்துக்கும் ஒரே பெயர். ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, கடைசி ராசம்மா மட்டும் தப்பினாள். வேறு பிரதியும் இல்லை.

"ரஜீவன், மத்தியானத்துக்கு முன்னம் எல்லாம் போகவேணும். உம்மை வேலையில நிரந்தரமாக்கச் சொல்லி இண்டைக்குத்தான் எழுதப்போறன்," என்று அறைக்குள்ளிருந்து மேலதிகாரி சரோஜினிதேவி மேடம் குரல் கொடுத்தார்.

ரஜீவன் கைபேசியை எடுத்தான். யாகூப்பை அழைத்தால், அவன் லக்கலப் பக்கம் சிக்னலே இல்லாத இடத்தில் இருந்தான். போன எண்களைத் திரும்ப ஒட்டிப் பார்க்கலாம் என்று இன்னொரு கட்டளை தட்டினான். பதற்றத்தில் ஒரு நட்சத்திரக் குறி கூடிப்போய்விட்டது. இப்போது தோட்டம் முழுவதும் ராசம்மா; எண் மட்டும் வேறு வேறு. முறுக்கு மீசை வைத்த பெரியவர்கூட ராசம்மாதான்.

தோட்டத்துத் தலைவர் தர்மேந்திரனை வீடியோவில் பிடித்து, முகம் முகமாகக் காட்டிப் பெயர் கேட்டுத் திருத்தினான்.

"இந்த மீசை ஆர்?"

"நம்ம ராசையாங்க. ஏங்க, அவருக்குத் தகரம் இல்லையா?"

"இருக்கு, இருக்கு! உங்கட தோட்டத்தில ராசம்மா எத்தினை பேர்?"

"மூணு பேருங்க. ஆனா..."

"கதைக்க நேரமில்லை ஐயா! மூண்டு பேரையும் அடுத்த பஸ்ஸில ஏத்திவிடுங்கோ!"

மூவரும் தலை வாரி, நல்ல சேலை உடுத்தி வந்து இறங்கினார்கள். கணினியில் ஏற்கெனவே இருந்த ராசம்மாவை விட்டுவிட்டு, மற்ற இருவரையும் ரஜீவன் படம் பிடித்து, அடைப்புக்குறி இல்லாமல் ராசம்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் அனுப்பினான். தளம் அத்தனையையும் ஏற்றுக்கொண்டது. மேடமும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ரஜீவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படம் ஏற்கெனவே இருந்த ராசம்மா மட்டும் போகாமல் வாசலில் நின்றாள்.

"ஒங்களுக்கு ரொம்ப நல்ல மனசு தம்பி. கண்ணை மூடிட்டேன், கண்ணை மூடிட்டேன்னு யாகூப் தம்பி என்னையத்தான் மூணு தரம் புடிச்சாரு. இவளுக ரெண்டு பேருக்கும் தகரமே இல்லன்னுல்ல மொதல்ல சொன்னாங்க!"