மீட்டர்கேஜ் வீட்டில் பெண் பார்த்த கதை

இந்த நாட்டில் சொந்தமாக ரயில் ஓட்டியவர்கள் இரண்டே பேர். ஒன்று சர்க்கார். இன்னொன்று எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு பேரில் கர்வம் யாருக்கு அதிகம் என்று கேட்டால், யோசிக்காமல் பக்கத்து வீட்டைக் காட்டுவேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. தெருவுக்கு அவர் மீட்டர்கேஜ். கொரியர் கொண்டு வருகிறவர்கள்கூட கேட்டுக்கு வெளியே நின்று, "மீட்டர்கேஜ் சாருங்களா?" என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் ஏதோ பட்டம் வாங்கினவர் மாதிரி நிமிர்ந்து நடந்து வருவார்.

பேர் வந்த காரணம் இதுதான். முன்பெல்லாம் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு சின்ன ரயில் போகும். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் அகலம். அந்தப் பாதையைப் பெயர்த்துவிட்டு அகலமான பாதை போட்டார்கள். ஊரே நல்லது என்றது. இவர் மட்டும் எழவு வீட்டுக்காரர் மாதிரி தாடி வளர்த்தார்.

"ஏனுங்ண்ணா, புது வண்டி சொகுசா இருக்குதாமா, ஏறிப் பாத்தீங்களா?" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

"அது வண்டிங்களா அம்மணி? பழசு கன்னுக்குட்டியாட்டம் துள்ளிட்டுப் போகுமுங்க. இது சீமந்தக்காரியாட்டம் அசஞ்சு அசஞ்சு வருது."

அன்றிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில்தான் போனார். ரயிலுக்குப் போட்ட தண்டனையாம். ரயிலுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

அப்புறம்தான் அந்த வேலையைத் தொடங்கினார். சர்க்கார் எடுத்த பாதையைத் தான் போடுவதென்று முடிவு. எங்கே? வீட்டுக்குள். கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் என்பதால் கைவேலைக்குக் குறைவில்லை. நெய் டின்னை வெட்டி ஒரு சாண் நீளத்தில் இன்ஜின் செய்தார். பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரை அதன் வயிற்றில் வைத்தார். புகைபோக்கியில் கம்ப்யூட்டர் சாம்பிராணி. வண்டி ஓடினால் தெரு முழுக்க மணக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள், "அந்த வீட்டில் என்ன பக்தி" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

என்னிடம் ஒரு பச்சைக் கம்பளிச் சால்வை இருந்தது. ஊட்டிக்குப் போனால் போர்த்திக்கொள்ளலாம் என்று ஆசையாக வாங்கியது. "சித்த குடுங்க அம்மணி, அளவு பாத்துட்டுத் தாரேன்" என்று வாங்கிப் போனார். மறுவாரம் போய்ப் பார்க்கிறேன், அவர் வீட்டு ஹால் மூலையில் என் சால்வை மலையாக நிற்கிறது. பக்கத்தில் பல்சக்கரம் வைத்த குட்டி இன்ஜின் மூச்சுவாங்கி ஏறுகிறது. ஊட்டிக்குப் போக வாங்கிய சால்வை ஊட்டியாகவே ஆகிவிட்டது. எத்தனை சால்வைக்கு அந்தக் கொடுப்பினை?

பொள்ளாச்சிப் பாதை ஹாலில் புறப்பட்டு, சமையல்கட்டு வாசலைக் கடந்து, சாமி ரூம் சுவரில் போய் முட்டும். சமையல்கட்டு வாசலில் லெவல் கிராசிங். ரயில் வருவதற்கு முன் ஐஸ் குச்சியில் செய்த கேட் ஒன்று தானாக இறங்கும். அதன் உயரம் கணுக்கால் அளவுதான். ஒரு எறும்பு நினைத்தால் தாண்டும். ஆனால் சட்டம் சட்டம்தான்.

அவர் மனைவி சரசு குழம்புச் சட்டியோடு வாசலில் நிற்பாள்.

"ஏனுங்க, கை சுடுதுங்க."

"கேட் போட்டிருக்குது சரசு. பொள்ளாச்சி வண்டி இன்னும் கெணத்துக்கடவே தாண்டல."

"தாண்டி வந்துபோடட்டுங்களா?"

"உசுரு மேல ஆசையிருந்தா இருங்க, இல்லாட்டித் தாண்டுங்க."

மனைவிக்கும் 'ங்க' போட்டுத்தான் எச்சரிப்பார். மரியாதைக்கு ஒரு குறைவும் கிடையாது. குழம்புதான் ஆறிப்போகும். இப்படியே பழகி, அந்த வீட்டில் யாரும் சமையல்கட்டு வாசலில் ஒரு கணம் நிற்காமல் போக மாட்டார்கள். தினமும் போய் வந்ததில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. என் சொந்த வீட்டிலேயே சில நேரம் நின்றுவிட்டு, எதற்கு நின்றோம் என்று விழிப்பேன்.

இதெல்லாம் சிரித்துக் கழிக்கிற சங்கதி. அவர்கள் மகள் நித்யாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோதுதான் சிரிப்பு நின்றது. முதலில் வந்த ஒரு குடும்பம் ரயிலைப் பார்த்ததும் காப்பி குடிக்காமல் எழுந்துபோனது. அடுத்து வந்த குடும்பம் காப்பி குடித்துவிட்டு எழுந்துபோனது. "அப்பனுக்குக் கொஞ்சம் அந்த மாதிரியாம்" என்று ஊரில் பேச்சு பரவியது. சரசு என் வீட்டுக்கு வந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"அக்கா, எம்புள்ள ஊட்டோடயே இருந்துபோடுவாளாட்ட இருக்குதுங்க. அவருக்கு ஒரு ரயிலு இருக்குது. அவளுக்கு என்னங்க இருக்குது?"

எனக்குத் தூரத்துச் சொந்தத்தில் உடுமலைப்பேட்டையில் ஒரு தென்னந்தோப்புக்காரர் இருந்தார். அவர் பையனின் போட்டோவை வரவழைத்து என் செல்போனில் நித்யாவுக்குக் காட்டினேன். "பாக்கலாமுங்க அத்தை" என்று சுரத்தில்லாமல் சொல்லிவிட்டு, நான் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் அந்தப் போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது என்று அவள் நினைப்பு. தெரியாத மாதிரியே இருந்துகொண்டேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு என்றால் முதலில் விசாரிப்பது 'எந்தக் கூட்டம்' என்று. கூட்டம் என்றால் குலம். இரண்டு வீடும் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறையாகிவிடும், கல்யாணம் கிடையாது. நான் எல்லாம் சொல்லியிருந்தேன். இருந்தாலும் பெண்ணைப் பெற்றவர் வாயால் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை என்று தோப்புக்காரர் அவருக்கே போன் போட்டார்.

மீட்டர்கேஜ் அப்போது தரையில் படுத்துத் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இன்னும் மீட்டர்கேஜில் ஓடுவது ஊட்டி மலை ரயில் ஒன்றுதான்; அதில் ஏறப் போகிறவர்களெல்லாம் இவருக்குத்தான் போன் போட்டு விசாரிப்பார்கள். அந்த நினைப்பிலேயே ஸ்பீக்கரில் போட்டார். நானும் சரசும் சமையல்கட்டில் இருந்தோம்.

"உடுமலையிலிருந்து பேசறேனுங்க. கூட்டம் எப்படின்னு ஒரு வார்த்த கேட்டுப்போட்டா, நாங்க கெளம்பி வந்துருவோமுங்க."

"கூட்டமா? கூட்டமே கெடையாதுங்க. தெகிரியமா வாங்க."

அந்தப் பக்கம் செருமுகிற சத்தம். பிறகு மெதுவாக, "கூட்டமே... கெடையாதுங்களா?"

"சனி ஞாயிறு கொஞ்சம் சேருமுங்க. மலையாளத்துக்காரங்க, வடக்கத்திக்காரங்க, வெள்ளைக்காரங்க, எல்லாம் கலந்து வருவாங்க."

"எல்லாருமா? ஒரே ஊட்லீங்களா?"

"ஒரே பொட்டியிலீங்க. நெருக்கிக்கிட்டு உக்காந்துக்குவாங்க. போகப் போகப் பழகிப்போகுமுங்க."

போன் வைக்கப்பட்டது. சரசு கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

நான்தான் என் வீட்டுக்கு வந்து தோப்புக்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். "கோவிச்சுக்காதீங்க. காடை கூட்டமுங்க அவரு. நீங்க கேட்டத ரயிலுக் கூட்டம்னு நெனச்சுப்போட்டாருங்க."

"எந்த ரயிலுங்க?"

"ஊட்டி ரயிலுங்க. அதும்மேல ஒரு பிரியம். ஊட்டுக்குள்ளகூட ஒண்ணு ஓடுதுங்க."

சொன்ன பிறகுதான் இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. சரசுவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. அவர் வீட்டம்மாவிடம் குசுகுசுவென்று ஏதோ கேட்டுவிட்டு, "சரிங்க, வந்து பாக்கறோம்" என்றார். பெண்ணையா, ரயிலையா, மனநிலையையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சரசு புருஷன் முன்னால் போய் நின்றாள். கல்யாணமான நாளாய் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"ரயிலுங்களா, புள்ளைங்களா? ஒண்ணச் சொல்லிப்போடுங்க."

மீட்டர்கேஜ் யோசித்தார். அந்த யோசனைக்காகவே சரசு அவரோடு பிறகு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். ஆனால் யோசித்து முடித்ததும் அவர் "புள்ளதான்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நித்யா ஓடிவந்து, "இருக்கட்டுமுங்ப்பா" என்றாள். "நீ போ கண்ணு" என்றார். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, துடைத்து, பழைய வேட்டியில் பச்சைக் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினார். கேலி பேச எனக்கு வாய் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, பாதைக்காகச் சுவர்களில் குடைந்திருந்த ஓட்டைகளைத் துணியால் அடைத்து, அடைத்த இடத்திலெல்லாம் பித்தளைக் குடம் வைத்திருந்தோம். "ஊடு நெறஞ்சு இருக்குதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சரசு புருஷனுக்கு ராத்திரி பகலாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள் போல. வாசலில் கும்பிட்ட மனிதர், "வாங்க வாங்க" என்பதற்குப் பதில், "காடை கூட்டமுங்க" என்றார். தோப்புக்காரர், "தெரியுமுங்க" என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மழை, தேங்காய் விலை, தென்னைக்கு வந்த வெள்ளை ஈ. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நித்யா காப்பித் தட்டோடு வந்தாள். சமையல்கட்டு வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒப்பிட்டுத் தட்டோடு (போளிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்) வந்த சரசு நின்றாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர்ச் சொம்போடு வந்த நானும் நின்றேன். மூன்று பேரும் பொள்ளாச்சி ரோட்டில் லாரி நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கிறோம். முன்னால் வெறும் தரை. கேட் இல்லை, பாதை இல்லை, ஒன்றுமில்லை. கால் மட்டும் நகரவில்லை.

"ஏங்கண்ணு நின்னுட்டே? கூச்சமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்லீங்க அத்தை, கேட் போட்டு..." என்ற நித்யா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன கேட்டுங்க?" என்று தோப்புக்காரர் தரையைப் பார்த்தார். மீட்டர்கேஜ் மேலே மின்விசிறியைப் பார்த்தார். சரசு கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடமும் போச்சு என்றே நினைத்தேன்.

நித்யா தட்டைக் கீழே வைத்தாள். "இங்க ரயிலு போகுமுங்க மாமா. அப்பா கையால செஞ்சது. நீங்க ஏதாச்சும் நெனச்சுக்குவீங்கன்னு எடுத்து வெச்சுட்டாங்க. கண்ணாலத்துக்கு அப்புறம் தெரியறதுக்கு, இப்பவே தெரிஞ்சுக்கோங்க."

மாப்பிள்ளையின் அம்மா ஒப்பிட்டைப் பிட்டபடியே, "ஊட்டுக்குள்ள ரயிலு ஓடுதுன்னு போன்லயே சொன்னாங்கல்ல. எடுக்கச் சொன்னது நாங்களாங்க? போட்டுக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

அந்த மனிதர் வேட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளைப் பையனும் தரையில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பிடித்துக் கொடுத்தான். நித்யா பிடிக்க வேண்டிய முனையையும் அவனே போய்ப் பிடித்துக் கொடுத்தான். சாம்பிராணிப் புகையோடு வண்டி கிளம்பியது. மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு ஸ்டேஷனாக விரல் நீட்டினார்.

"போத்தனூரு. கெணத்துக்கடவு. பொள்ளாச்சி. அப்புறமுங்க?"

"அவ்வளவுதானுங்க."

"உடுமல எங்கீங்க?"

மீட்டர்கேஜ் முகம் சுண்டிவிட்டது. "எடம் பத்தலீங்க. பொள்ளாச்சியிலயே சாமி ரூமுச் செவுரு வந்துபோச்சுங்க."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. எங்க ஊருக்கு வராத வண்டியில எங்க மருமக எப்படீங்க வருவா?"

மருமக என்ற சொல் காதில் விழுந்ததும் சரசு அழுதுவிட்டாள். நித்யா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தோப்புக்காரர் தட்டிலிருந்து ஆறிப்போன காப்பியை எடுத்து மடமடவென்று குடித்தார். மீட்டர்கேஜுக்கு மட்டும் அந்தச் சொல் காதிலேயே ஏறவில்லை. அவர் சாமி ரூம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுடையது லைன் வீடு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் படுக்கையறை.

"ஏனுங்க அம்மணி..." என்று என் பக்கம் திரும்பினார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நித்யா உடுமலைக்குப் போய்விட்டாள். பெண் கொடுத்த வீட்டுக்கு நினைத்தபோதெல்லாம் போய் நிற்க முடியுமா? நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் தினமும் பொழுது சாய ஒரு தடவை வண்டி கிளம்பும். பொள்ளாச்சி தாண்டும். சுவரிலே புகுந்து என் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். அங்கேதான் உடுமலைப்பேட்டை. விளக்குமாற்றுக் குச்சியில் தென்னந்தோப்பு. வண்டி அங்கே சித்த நேரம் சும்மா நிற்கும். பிறகு திரும்பிப் போகும்.

போன மாதம் என் மகன் வந்திருந்தபோது சுவரிலிருக்கிற ஓட்டையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பல்லி வருது, பூரான் வருது. சிமெண்ட் வெச்சு அடைச்சுப்போடட்டுமா?" என்றான்.

"அடைச்சுப்போட்டா அந்த மனுசன் புள்ளையப் பாக்க எப்படிச் சாமி போவாரு?" என்றேன்.

வண்டி வருகிற சத்தம் கேட்டது. காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டேன்.