டபுள் பாக்கெட் மாமாவின் இடது பக்கம்

தென்சென்னையில் நடக்கும் கல்யாணங்களில் பாதி, டபுள் பாக்கெட் மாமாவின் சட்டைப் பைக்குள் நிச்சயமானவை. மீதிப் பாதி காதல் கல்யாணம்.

மாமா கல்யாணத் தரகர். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். சட்டைக்கு இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்துத் தைத்துக்கொண்டு, பாக்கெட்டுக்கு ஒரு போன் போட்டிருப்பார். வலது பாக்கெட் போன் மாப்பிள்ளை வீட்டாருக்கு, இடது பாக்கெட் போன் பெண் வீட்டாருக்கு.

"பொண்ணப் பெத்தவங்க நெஞ்சாண்ட இருக்கணும் நைனா" என்பார்.

யார் பெயரையும் போனில் பதிந்துகொள்ள மாட்டார். கண்ணாடியும் போட மாட்டார். எந்தப் பக்கம் அதிர்கிறதோ அதற்கேற்ற குரல் வரும். வலது என்றால், "இன்னாபா!" என்ற சத்தம் கோயில் குளத்துக்கு அந்தக் கரையில் கேட்கும். இடது என்றால், "சொல்லுங்க சார்" என்று தேனாக ஒழுகும். ஒருமுறை ஒரே வரனுக்கு இரண்டு வீட்டிலிருந்தும் சேர்ந்தாற்போல் அழைப்பு வந்தது. இரண்டு போனிலும் ஸ்பீக்கரைப் போட்டு, நேருக்கு நேர் பெஞ்சில் வைத்துவிட்டு, "நீங்களே பேசிக்கோங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார். கிளாஸ் காலியாவதற்குள் நிச்சயதார்த்தம் முடிவாகிவிட்டது.

எனக்கும் அவர்தான் பெண் பார்த்தார். போன வீட்டிலெல்லாம் தட்டிக்கழித்தார்கள். மனுஷன் அந்த இடது போனில் என்னைப் பற்றி என்னதான் ஓதுகிறாரோ என்று எனக்கு ஒரே சந்தேகம். அடையாறு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தபிறகு சந்தேகம் பயமாகிவிட்டது. அவள் நான் சொன்ன அசட்டு ஜோக்குக்குச் சிரித்திருந்தாள். இதுவும் கைவிட்டுப் போனால் தாங்காது என்று இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் மகள் டூயல் சிம் போன் வாங்கிக் கொடுத்தாள். "ஒரே போன்ல ரெண்டு சிம் போட்டுக்கலாம்ப்பா. எதுக்கு ரெண்டு செங்கலைத் தூக்கிக்கினு அலையறே?"

பிடித்தது சனி. எந்த நம்பருக்கு அழைப்பு வருகிறது என்று திரையில் பொடி எழுத்தில் வரும். மாமாவுக்கு அது எறும்பு. மந்தைவெளி மனிதர் ஒருவர் கூப்பிட, "உன் புள்ள மாதிரி யாருக்குபா கெடைக்கும்!" என்றிருக்கிறார்.

"யோவ், எனக்கு மூணும் பொண்ணுய்யா!"

மறுநாள், அடையாறில் என்ன சொன்னார்கள் என்று கேட்க நான் போன் போட்டேன். "ஹலோ" என்றதுதான் தாமதம்.

"அடையாறு சாரா? சொல்லுங்க சார்!"

அதே தேன் குரல். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பையனப் பத்தி மறைக்காம சொல்லிடறேன் சார். முன்னாடி முடி காலி. பின்னாடி கீறதும் ரொம்ப நாள் தாங்காது. கோவக்காரன். பாட்டு பாட ஆரம்பிச்சான்னா எழுந்து போய்டுங்க."

முடிந்தது என் கதை என்று நினைத்தேன்.

"ஆனா சார், அவங்கம்மா கை ஒடஞ்சி கெடந்தப்போ, தெனம் தல வாரி பின்னி உட்டது இவன்தான். என் கண்ணால பாத்தேன். எனக்கு இன்னொரு பொண்ணு இருந்தா, சத்தியமா உங்களாண்ட வந்தே இருக்க மாட்டேன்."

"மாமா... நான்தான்" என்றேன்.

உடனே வந்தது வலது பாக்கெட் குரல்: "டேய்! மொதல்ல போனை வையுடா! அடையாறு லைன்ல வரும்!"

வந்தது. அவர்களிடமும் முடி, கோபம், பாட்டு எதையும் விடாமல் ஒப்பித்திருக்கிறார். பின்னலையும்தான். பெண் வீட்டில் சரி என்றார்கள்.

புதுப் போன் மாமி சீரியல் பார்க்கப் போய்ச் சேர்ந்தது. என் கல்யாணத்துக்கு மாமா பழையபடி இரண்டு போனோடு வந்தார். சாப்பிட்டுக் கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டு வேறொரு நம்பரைச் சொன்னார்.

"இனிமே இதுல கூப்புடு நைனா."

சரியாகப் பதிந்திருக்கிறேனா என்று அங்கேயே அடித்துப் பார்த்தேன். நெஞ்சாண்ட இருக்கும் இடது பாக்கெட் அதிர்ந்தது. எதிரில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே, மாமா போனை எடுத்துக் காதில் வைத்து மெல்லச் சொன்னார்: "சொல்லுங்க சார்."