முதல் வாசலைத் தாண்டாத தளபதி

கோட்டைக் காவல்காரன் முதலாளியைப் பதினேழாவது முறையாகக் கொன்றபோது திங்கட்கிழமை காலை மணி பத்தே கால். பத்து பதினாறுக்குச் சண்டை வாத்தியாரின் கைபேசி அலறியது.

"என்னய்யா ஆள் வெச்சிருக்கே வாசல்ல?" முதலாளிக்கு மூச்சு வாங்கியது, வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தவருக்கு. "நான் வாளை உருவறதுக்குள்ள என் தலை தனியா உருண்டு போகுது!"

"சார், கேடயத்தைத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன். கேடயத்தோட சேர்த்து வெட்டறான்."

"ஒரு அடி பின்னாடி போய்..."

"பின்னாடி போறதா? யாரைப் பார்த்து என்ன சொல்றே?"

சண்டை வாத்தியார் என்பது அலுவலகம் வைத்த பெயர். வாழ்நாளில் அவர் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. குளியலறையில் பல்லியைப் பார்த்தால் அதற்கே அந்த அறையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிற மனிதர். ஆனால் நிறுவனம் தயாரிக்கும் வீடியோ கேமில் யார் யாரை எத்தனை அடியில் வீழ்த்த வேண்டும், வீழ்த்தியவனுக்கு எவ்வளவு வீரம் ஏற வேண்டும் என்பதெல்லாம் அவர் போடும் கணக்குதான்.

கேம் பழங்காலத்துப் போர்க் கதை. நாயகன் குதிரை லாயத்தில் சாணி அள்ளும் சிப்பாயாக, முதல் நிலையில் தொடங்குகிறான். எதிரி விழ விழப் புள்ளி சேரும். புள்ளி சேரச் சேர வலிமை கூடும், வேகம் கூடும், நல்ல வாள் கிடைக்கும். நாற்பதாவது நிலையில் அவன் தளபதி.

முதல் வாசல் காவல்காரனை எதிரி என்று சொல்வதே அதிகம். வாளை எப்படி வீசுவது, கேடயத்தை எப்படித் தூக்குவது என்று விளையாடுகிறவர் பழகிக்கொள்ள நிறுத்தி வைத்த ஒரு பெரிய மீசை, அவ்வளவுதான். மூன்று அடியில் விழுவான். அலுவலக வரவேற்பறைப் பெண் ஒரு கையில் போன் பேசிக்கொண்டே மறு கையால் அவனைச் சாய்த்திருக்கிறார்.

முதலாளி மட்டும் மூன்று வாரமாக முதல் நிலையில் இருந்தார்.

இதில் இன்னொரு சங்கடம், நாயகனின் முகம் முதலாளியுடையது. முப்பது வருடத்துக்கு முந்தைய முகம். உடம்பு வேறு யாருடையதோ. படம் வரைகிறவர்கள் தயங்கித் தயங்கித் தொப்பையைப் பற்றிக் கேட்டபோது, "அதை வரலாறு பதிவு செய்யலை" என்று சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நான் அந்த வாசலைத் தாண்டணும்" என்றார் முதலாளி இப்போது. "நானே தாண்ட முடியாத கேமை ஊருக்கு விக்க மாட்டேன். தாண்டலேன்னா உன் சண்டைப் பிரிவுல நாலு பேரும் வேற இடம் பாத்துக்கலாம். அதுக்காகக் காவல்காரனைத் தூக்கிடாதே. எனக்கு யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நேர்மையா ஜெயிக்கணும்."

"சரி சார்."

"நேர்மையா ஜெயிக்கற மாதிரி ஏதாவது பண்ணு."

சண்டை வாத்தியார் பக்கத்து மேஜைக்குப் போனார். அங்கே நிரல் எழுதும் பெண் இருந்தாள். காதிலிருந்து கழற்றவே மாட்டாள் என்பதால் அவளுக்கு ஹெட்போன் என்றே பெயர்.

"காவல்காரன் பலத்தைப் பாதியாக் குறைம்மா."

"ஏற்கெனவே அவன் நோயாளி மாதிரிதான் சார் நிக்கறான்."

"குறை. முதலாளி வீட்டுக்கு அனுப்பு. வெளியே மூச்சு விடாதே."

இணையம் வழியாகப் புதிய காவல்காரன் முதலாளி வீடு போய்ச் சேர்ந்தான். இருபது நிமிடத்தில் கைபேசி அலறியது.

"நாலு தடவை!" என்றார் முதலாளி. "நாலாவது தடவை முதுகுல!"

பாதி பலத்தில் ஒருவன் முதுகில் எப்படிக் குத்தினான் என்று வாத்தியாருக்கு விளங்கவில்லை. எதிரியை இறக்கியது போதாது, நாயகனை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். சாணி அள்ளுகிறவனைத் தூக்கி ஒரே மூச்சில் இருபதாவது நிலையில் உட்கார வைத்தார். வெள்ளிக் கவசம், இரட்டை வாள், பின்னால் பறக்கும் சிவப்புத் துணி.

கைபேசி.

"கவசம் மின்னுச்சு. நல்லா இருந்துச்சு."

"சந்தோஷம் சார்."

"அதைப் பாத்து நான் சந்தோஷப்பட்டு முடிக்கறதுக்குள்ள அவன் யானை மேல வரான்யா!"

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். நாயகன் வளர்ந்தால் எதிரியும் கூடவே வளர்வான் என்பது அவரே உண்டாக்கிய ஏற்பாடு. அதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் முக்கால் மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். இருபதாவது நிலைக் காவல்காரனுக்கு யானை உண்டு என்பதை அவரே மறந்துபோயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை யானையைப் பிடுங்கினார். வாளைப் பிடுங்கினார். நாயகன் எவ்வளவு வளர்ந்தாலும் காவல்காரன் வளரக் கூடாது என்று கட்டளை போட்டார். வெறுங்கையோடு, முதல் நிலையில், நடு வாசலில் நின்றது மீசை.

"உதைச்சுத் தள்ளிட்டான்" என்றார் முதலாளி. குரல் கம்மியிருந்தது. "அகழியில விழுந்தேன். முதலை தின்னுடுச்சு. எதுக்குய்யா அங்க முதலை?"

"அழகுக்கு சார்."

"அந்த அழகுதான் என்னைத் தின்னுது."

அகழியை வற்றவைத்தார்கள். முதலையைக் கல்லாக்கினார்கள். காவல்காரனின் உயிரை நூறிலிருந்து ஒன்றுக்கு இறக்கினார்கள். போதாக்குறைக்கு அவனைத் தூங்கவும் வைத்தார்கள். ஹெட்போன் சோதித்துப் பார்க்கக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். விரல் எந்தப் பொத்தானிலோ பட, நாயகன் வாளை லேசாக அசைக்க, அந்தக் காற்றுக்கே காவல்காரன் செத்தான்.

"இதுக்கு மேல குறைச்சா நாம அவனுக்கு அஞ்சலி போஸ்டர்தான் ஒட்டணும்" என்றாள்.

புதன்கிழமை காலை முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முழிச்சுக்கிட்டான். தூணைச் சுத்தி ஓடினான். நானும் துரத்தினேன், பதினோரு நிமிஷம். என் ஆளுக்கு மூச்சு முட்டிக் கீழ விழுந்தான். நீதானே களைப்புன்னு ஒண்ணை வெச்சே? விழுந்தவன் பக்கத்துல அவன் கால் மேல கால் போட்டு உக்காந்தான்யா. அப்புறம் நிதானமா எழுந்து ஒரு குத்து."

"நான் நேர்ல வரேன் சார்."

முதலாளி வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தொலைக்காட்சி. அதற்கு எதிரே கம்பளத்தில் மடிக்கணினியோடு வாத்தியார் உட்கார்ந்தார். சோபாவின் நடுவில் முதலாளி, சிங்காசனத்தில் இருப்பதுபோல் முழங்கைகளை அகட்டிக்கொண்டு. பின்னால், ஜன்னலோரத்து நாற்காலியில் முதலாளியின் மனைவி. எல்லோருக்கும் அவர் மேடம். வந்தவருக்கு ஒரு சிரிப்பு, ஒரு தேநீர், பிறகு தன் நாற்காலி என்றிருப்பவர்.

"வாங்க தம்பி. அந்த யானை நல்லா இருந்துச்சே, ஏன் எடுத்துட்டீங்க?" என்று கேட்டார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார் முதலாளி. "நீ ஸ்கிரீனைப் பாருய்யா."

வாத்தியார் பார்த்தார். பார்க்கப் பார்க்க வாய் திறந்துகொண்டது. காவல்காரன் இடப்பக்கம் பாய்வது போல் காட்டி வலப்பக்கம் போனான். முதலாளி வாளை ஓங்கியதும் ஒதுங்கி, வாள் தரையில் சிக்கிக்கொள்ளும் வரை பொறுத்திருந்து, பிறகு குத்தினான். இப்படிப் பொறுக்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எழுதிய அவருக்கே தெரியாத தந்திரங்கள்.

"என்ன இது?" என்றார் முதலாளி, தோற்றதும் திரையில் எழும் கல்லறை மீது நின்ற தன் முகத்தைப் பார்த்தபடி. "பதில் சொல்லு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்."

நாலு பேரின் வேலை வாத்தியாரின் கண் முன்னால் வந்து நின்றது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னார்:

"அவன் கத்துக்கறான் போல சார்."

"என்னது?"

"உங்களோட சண்டை போட்டுப் போட்டு... தானாவே."

முதலாளியின் முகத்தில் மெல்ல விளக்கு எரிந்தது. சோபாவிலிருந்து எழுந்தார். கூடத்தின் குறுக்கே இரண்டு தடவை நடந்தார்.

"அப்போ நான் தோக்கலை."

"சார்?"

"மூணு வாரமா நான் அவனுக்குப் பயிற்சி குடுத்திருக்கேன்! என்னோட மோதி மோதித்தான் அவன் இவ்வளவு பெரிய வீரனாயிருக்கான். வேற எவன்கிட்ட கத்துக்க முடியும் இதை?" மார்பு நிமிர்ந்தது. "வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன். இங்கேயே, இதே கூடத்துல. உலகத்துலேயே முதல் தடவையா, ஆளைப் படிக்கற எதிரி! அவன் பலத்தையும் வாளையும் திருப்பிக் குடு. அகழியில தண்ணியும் முதலையும் விடு."

"நாங்க குறைச்சது... உங்களுக்குத் தெரியுமா சார்?"

"யானை மாயமா மறைஞ்சா கூடத் தெரியாதா? போய் வேலையைப் பாரு."

வாத்தியார் அலுவலகம் திரும்பி ஹெட்போனிடம் நடந்ததைச் சொன்னார். அவள் முதன்முறையாகக் காதிலிருந்து அதைக் கழற்றினாள்.

"கத்துக்கறானா? அவனுக்கு ஞாபகமே கிடையாது சார். செத்துப் பிழைச்சா தன் பேரையே மறந்துடுவான். நான்தானே எழுதினேன்?"

"அங்க வந்து பாரும்மா. புலி."

"இங்க பாருங்க." பொத்தானை மூன்று தடவை தட்டினாள். மீசை மல்லாந்தது. "பூனை."

வியாழக்கிழமை முழுக்க எழுதியதை வரி வரியாகப் பார்த்தார்கள். புலி எங்கேயும் அகப்படவில்லை. பத்திரிகைக்காரர்கள் முன்னால் மூன்றே அடியில் மீசை மல்லாந்துவிடும், முதலாளியின் மானமும் கூடவே மல்லாந்துவிடும், நாலு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது மட்டும் உறுதியாயிற்று. வாத்தியார் ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதி, சொந்தக் காரணம் என்னவென்று தெரியாமல் நிறுத்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் நிருபர்கள். மூன்றாமவர் வீடியோ கேம் போட்டிகளில் கோப்பை வாங்கி, இப்போது மற்றவர்கள் செய்த கேம்களைக் கிழித்து எழுதிப் பிழைப்பவர். முதலாளி பட்டுச் சட்டையில் இருந்தார். ஒரு சிறு உரை ஆற்றினார். சிறு உரை என்று சொல்லித்தான் தொடங்கினார்.

முதல் நிருபர் நாற்பது வினாடியில் செத்தார். இரண்டாமவர் முதலைக்குப் போனார். வாத்தியார் மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

கோப்பைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல ஆட்டம். வாளும் வாளும் உரச, இருவரும் வாசலுக்கும் அகழிக்கும் நடுவே போய் வந்தார்கள். திடீரென்று காவல்காரன் அசையாமல் நின்றுவிட்டான். கோப்பைக்காரர் அடிக்கப் போய், பயந்து, தானும் நின்றார்.

"பொறி வைக்கறான்" என்றார் மெதுவாக.

"யோசிக்கிறான்" என்று திருத்தினார் முதலாளி பெருமையோடு. "நானும் அப்படித்தான். பெரிய முடிவுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அமைதி."

ஒரு நிமிடம் மூன்றாயிற்று. அந்த அமைதியில் மேடம் உள்ளேயிருந்து தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து ஆளுக்கொரு கோப்பை கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். கோப்பைக்காரர் ஒரு வாய் உறிஞ்சினார். அந்தக் கணத்தில் காவல்காரன் பாய்ந்தான். கழுத்து.

"மனசைப் படிக்கறான் சார்!" கோப்பைக்காரர் துள்ளி எழ, தேநீர் பேன்ட்டில் சிந்தியது. "நான் டீ குடிக்கப் போறேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! இந்த மாதிரி எதிரியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. முதல் பக்கத்துல எழுதறேன்."

அவர்கள் போனதும் முதலாளி வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். "சண்டைப் பிரிவுக்கு இனிமே நீதான் துணைத் தலைவர். தலைவர் நான். அடுத்த வாரம் ஒரு லட்சம் பிரதி கடைக்குப் போகுது. அத்தனையிலும் இதே காவல்காரன்!" என்று சொல்லிவிட்டு, யாருக்கோ போன் போட்டு அதையே உரக்கச் சொல்லப் போனார்.

வாத்தியாருக்குத் தரையில் கால் பாவவில்லை. மேதைகளுக்குத் தங்கள் மேதைமை இருக்குமிடம் தெரியாது என்று எங்கோ படித்திருந்தார். ஹெட்போன் சின்னப் பெண், அவளுக்கு எழுத்துத்தான் தெரியும், அதில் உயிர் புகுந்தது எப்படித் தெரியும்? அடுத்த கருத்தரங்கில் இதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசலாம். ராஜினாமாக் கடிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பணிவானவர் என்று காட்டிக்கொள்ளக் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிச் சமையலறைக்கு எடுத்துப் போனார்.

மேடம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கவலையில் இருந்தது முகம்.

"ஒரு லட்சம்னு இவர் சொன்னாரே, நிஜமா தம்பி?"

"குறைஞ்சது மேடம். ஒரு லட்சம் வீடு. எல்லா வீட்டு வாசல்லயும் நம்ம காவல்காரன்."

மேடம் குழாயை மூடினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் முதலாளியின் குரல் இன்னும் முழங்குகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"முதல் நாள் பெட்டியைப் பிரிச்சதும் இவர் ரெண்டாவது ரிமோட்டை என் கையில குடுத்து 'இதைப் பிடிச்சுக்கோ'ன்னாரு, அப்புறம் திரும்பியே பாக்கலை, நானும் சும்மா எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு இருக்கறதுன்னு அந்த மீசைக்காரனை என்னால ஆனமட்டும் ஓட்டிட்டேன், ஆனா ஒரு லட்சம் வீட்டுக்கும் நான் ஒருத்தியே எப்படிப்பா போய்ட்டு வர்றது?"