ஒரு குண்டும் ஒரு மூட்டைப் படங்களும்

வெண்டல் ஹாஸ்கின்ஸைப் பற்றி நல்லதாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கு இடம் கிடைக்காது. நான் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிப் படுத்திருந்த குளிர்காலத்தில், விடிவதற்கு முன்பே யாரோ வந்து என் வாசற்படியிலிருந்து தெரு வரை பனியை வாரி ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். யார் என்று கேட்டால் ஊரே உதட்டைப் பிதுக்கியது. ஒரு நாள் பனியில் மூன்று கால் நாய் ஒன்றின் தடம் பதிந்திருந்தது. எங்கள் ஊரில் மூன்று கால் நாய் இருந்தது வெண்டல் வீட்டில் மட்டும்தான். போய் நன்றி சொன்னேன். "நானா? நாய் தனியா வந்துட்டுப் போயிருக்கும்க்கா" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். அந்தப் பனிக்கு இன்று வரை ஒரு படம்கூடக் கிடையாது.

ஆனால் ஒரே சட்டைக்குள் ஆண்டவர் சில சமயம் இரண்டு பேரைக் குடிவைத்துவிடுகிறார். நான் எழுத வந்தது அந்த இரண்டாவது ஆளைப் பற்றி.

அவர் ஒரு தனி இனம். கவைக்கொம்பு மானைச் சுட வருடக்கணக்காகத் தவம் கிடந்து, அது விழுந்த மறு நிமிடம் மானை மறந்து கைபேசியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் இனம். எங்கள் வயோமிங் மாநிலத்தில் மனிதர்களைவிட இந்த மான்கள்தான் அதிகம் என்று எங்கள் ஆட்கள் பெருமை பேசுவார்கள். இருக்கலாம். ஆனால் செப்டம்பர் மாதத்தில் கைபேசியைத் திறந்து பாருங்கள், மானைவிட இந்த இனம்தான் அதிகம் என்று தெரியும்.

இவரை அடையாளம் காண வேட்டைக்காலம் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஜூன் மாதமே போதும். எங்கள் பக்கம் நல்ல கொம்புள்ள மான் திரியும் வட்டாரத்தில் சுட வேண்டும் என்றால் அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு குலுக்கலில்தான் விழும். குலுக்கல் முடிவு ஜூனில் வரும். சீட்டு விழாத வருடங்களில் இவர் என்ன செய்வார்? பேசாமல் இருப்பாரா? சேஜ் புதர்க்காட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் படம் பிடித்து, அதன் கீழே "இந்த வருடமும் இல்லை. பொறுமையே வேட்டைக்காரனின் முதல் துப்பாக்கி" என்று எழுதிப் போட்டுவிட்டு, யார் யார் ஆறுதல் சொல்கிறார்கள் என்று இரவுச் சாப்பாடு ஆறும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். சீட்டு விழாததற்கே இவ்வளவு துக்கம்!

"என்னைக் கட்டிக்க மூணு மாசம்தான் காத்திருந்தாரு. அதுக்குள்ளயே அலுத்துக்கிட்டாரு" என்று அவர் மனைவி ட்வைலா ஒரு முறை பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

இந்த இனம் அடுத்தவர் படத்தின் கீழே உபதேசம் எழுதுவதில் கெட்டி. எவனோ ஒரு பையன் தன் முதல் மானோடு நின்று சிரித்தால் போதும். "தம்பி, வெயில் நாளில் கவைக்கொம்பு மான் காத்திருக்காது. விழுந்ததும் வயிற்றைக் கீறு, குடலை எடு, தோலை உரி, ஐஸில் வை, அப்புறம் சிரி" என்று வெண்டல் எழுதுவார். எழுதியதில் தப்பே இல்லை. எங்கள் ஊர் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்த மானின் மயிர் அடர்ந்த போர்வை மாதிரி. உள்ளே உள்ள சூட்டை வெளியே விடாது. தாமதித்தால் கறி தன்னைத்தானே அவித்துக்கொள்ளும். வெண்டல் இதை ஊருக்கெல்லாம் சொன்னார். சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆளுக்கு.

கடைசியில், பல வருடம் கழித்து, ஒரு ஜூனில் சீட்டு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரம். ஒரு பெண் தன் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் இல்லை என்று தெரிந்ததற்காகக் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்தாள். அவள் கைக்குட்டையை மடிப்பதற்குள் வெண்டல் எழுந்தார். "எனக்கும் கர்த்தர் ஒரு பெரிய காரியம் செஞ்சிருக்காரு" என்று தொடங்கி, வட்டாரத்தின் எண், அங்கே திரியும் கிடாக்களின் கொம்பு நீளம், போன வருடம் யார் யார் அங்கே சுட்டார்கள் என்பது வரை சொல்லி முடித்தபோது, பாஸ்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். உட்காருவதற்கு முன் வெண்டல் கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"மார்லிஸ், இந்தக் குளிர்காலத்துக்கு நீ கவலப்படாத தங்கச்சி. கறி முழுக்க உன் வீட்டுக்குத்தான்!"

சபை கை தட்டியது. மார்லிஸின் புருஷன் வசந்த காலத்தில் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனவன். இரண்டு பிள்ளைகள். எங்கள் ஊரில் இலையுதிர் காலத்தில் ஃப்ரீசரை நிரப்பிக்கொண்டால்தான் பனிக்காலத்தை நிம்மதியாகத் தள்ளலாம். அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினாள். மறு வாரம் பண்ணைக்காரர் ஆர்வில் தன் கன்றுக்குட்டிக் கறியில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது, "வேண்டாம்ணே, வெண்டல் அண்ணன் தர்றாரு. இல்லாத வேற வீட்டுக்குக் குடுங்க" என்று அனுப்பிவிட்டாள். வாக்கை அப்படி நம்பும் பெண்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

செப்டம்பர் வந்தது. அந்த வருடச் செப்டம்பருக்குத் தான் செப்டம்பர் என்பதே மறந்துவிட்டது. ஜூலை மாதிரி காய்ந்தது. வெண்டல் தனியாகத்தான் போனார், ஐஸ் பெட்டி நிறைய ஐஸோடு. உச்சி வெயிலில் ஒரே குண்டு. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. துப்பாக்கி தன் வேலையை முடித்துவிட்டது. கைபேசியின் வேலை தொடங்கியது.

இந்த இனம் படம் எடுக்கும் முறையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். செத்த மானைச் செத்த மாதிரி காட்டக் கூடாது. கால்களை மடக்கி வயிற்றுக்கடியில் சொருகி, ஏதோ இளைப்பாற உட்கார்ந்தது போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெளியே தொங்கும் நாக்கை உள்ளே தள்ள வேண்டும். வாயோரத்து ரத்தத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கொம்பின் மேல் தண்ணீர் தெளித்தால் கறுப்பாக மின்னும். பிறகு இவர் மானுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார்; நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டிக் கொம்பைத் தொடுவார். அப்போதுதான் மான் எருமை அளவுக்கும் இவர் பொம்மை அளவுக்கும் தெரிவார்கள். வயிற்றை மட்டும் கீறவே கூடாது. கீறினால் படம் அசிங்கமாகிவிடுமாம்.

படம் எடுத்துக் கொடுக்கத் துணைக்கு ஆள் இல்லை. ஆகவே கைபேசியை ஒரு புதரில் சாய்த்து, பத்து நொடி வைத்து, ஓடிப்போய் உட்கார்ந்து, பயபக்தியோடு தலை குனிய வேண்டும். காற்றில் கைபேசி விழும். மறுபடி ஓட வேண்டும். தொப்பி நிழல் முகத்தில் விழும். மறுபடி ஓட வேண்டும். தனக்கு வயதாகிவிட்டது என்று முழங்கால் சொல்லும். வெயிலில் வெண்டலுக்கு வியர்த்தது. மானுக்கு வியர்க்க வழியில்லை. எல்லாம் முடிந்தபின், வெளிச்சம் சரியில்லை, சாயங்காலம் பொன் மாதிரி வருமே, அதுவரை இருந்துதான் பார்ப்போம் என்று தோன்றியிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார். வண்டியில் ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகாவது வீட்டுக்கு வந்தாரா? வழியில் ஒரு மேடு உண்டு. சிக்னல் கிடைக்கும் ஒரே இடம். அங்கே வண்டியை நிறுத்தி, "பல வருடக் காத்திருப்பு. இது கொம்பின் அளவைப் பற்றியது அல்ல" என்று எழுதி, அடுத்த வரியிலேயே கொம்பின் அளவைப் போட்டு, "இந்த உயிருக்கு என் மரியாதை. ஒரு துண்டுகூட வீணாகாது. தகப்பனை இழந்த ஒரு குடும்பத்தின் குளிர்காலம் இது" என்று முடித்தார். பாராட்டுகள் வந்து கொட்டின. ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டார். பின்னால் வண்டித் தட்டில் மான் படுத்திருந்தது. அதற்கு யாரும் பதில் போடவில்லை.

மறுநாள் காலை நான் மார்லிஸ் வீட்டில் இருந்தேன். கறியை வெட்டித் தாளில் பொதிந்து அடுக்க ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அவள் ஃப்ரீசரைத் துடைத்துத் திறந்து வைத்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் அதற்குள் தலையை விட்டு, குளிர்காற்றில் வாயால் புகை விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெண்டல் வந்தார். ஒரு தோளில் வெள்ளைத் துணிப் பை. இன்னொரு கையில் முக்காலி, கைபேசியை நிறுத்தி வைக்க.

"இப்படி வாசல்ல நில்லு தங்கச்சி, வெளிச்சம் முகத்துல விழட்டும். பிள்ளைங்கள முன்னாடி நிறுத்து. நீ பையப் பிடி. இன்னும் கொஞ்சம் மேல தூக்கு, கீழ இருந்தா தெரியாது. இன்னும். மூஞ்சிகிட்ட. சிரி."

மூஞ்சிகிட்டத் தூக்கியதுதான் தப்பாகப் போனது. சிரிக்கத் தொடங்கிய மார்லிஸ் நிறுத்திவிட்டாள். பையின் மேல் மூக்கை வைத்து இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள். பிள்ளைகளைப் பின்னால் தள்ளினாள்.

"அண்ணே, எப்ப சுட்டீங்க?"

"நேத்துதான்மா. ஒரே குண்டு. நின்ன எடத்துலயே…"

"குடல எப்ப எடுத்தீங்க?"

"உடனேதான்."

"படத்தக் கொஞ்சம் காட்டுங்க."

இந்த இனத்தில் யாரும் இந்தக் கேள்விக்கு மறுத்ததில்லை. முகமெல்லாம் மலர்ந்து கைபேசியை நீட்டினார். மார்லிஸ் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நானும் எட்டிப் பார்த்தேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மான் ஒன்றுதான், வெண்டல்தான் பல.

"இதுல நிழலு மானோட வயித்துக்கடியில ஒடுங்கிக் கெடக்கு" என்றாள். "இதுல கொஞ்சம் நீண்டுடுச்சு. இதுல வேலிக்கம்பம் வரைக்கும் போயிருச்சு. இதுலயும் வயிறு கீறல. உங்க வீட்ல உடனேன்னா எவ்வளவு நேரம்ணே?"

"சாயங்கால வெளிச்சம் நல்லா வரும்னு…"

"வெளிச்சத்தையா நான் வறுத்துப் போடப் போறேன் பிள்ளைங்களுக்கு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் கையில் இருந்த கைபேசி கிணிங் என்றது. அவளே வாசித்தாள். "'ஒரு துண்டுகூட வீணாக்காத மனுஷன்! உன்ன மாதிரி பத்துப் பேர் வேணும்!' பதில் போட்டுருங்கண்ணே. காத்திருப்பாரு." கைபேசியைப் பையின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

வெண்டல் என்னைப் பார்த்தார். நான் ஃப்ரீசரைப் பார்த்தேன். பெரியவன் கேட்டான்: "அம்மா, இத மூடிரட்டுமா?"

ஆர்வில் கொடுப்பதாகச் சொன்ன கறி அதற்குள் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க மார்லிஸ் வீட்டில் பீன்ஸ். சபைப் பெண்கள் கொண்டுபோய்க் கொடுத்த டப்பா பீன்ஸ். பையை வெண்டல் ஊர்க் குப்பைக் குழிக்குக் கொண்டுபோனார். அன்று மட்டும் முக்காலியை எடுத்துப் போகவில்லை. ஆனால் போட்ட படத்தை எடுத்தாரா? "ஒரு துண்டுகூட வீணாகாது" என்ற வரியை அழித்தாரா? அத்தனை பேர் கட்டைவிரல் உயர்த்தியதை எந்த மனது அழிக்கும்! போய்ப் பாருங்கள், இன்றும் இருக்கிறது. மான் இளைப்பாறுகிறது. வெண்டல் தலை குனிந்திருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்கள் மான் சுட்டதில்லை, எனக்குத் தெரியும். உங்கள் கையில் துப்பாக்கியே இல்லை, இன்னொன்றுதான் இருக்கிறது. தட்டில் ஆவி பறக்க வந்த தோசை ஆறி அவலாகும் வரை நாலு பக்கமும் சுற்றி வந்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. குளிரில் நடுங்கும் பெரியவர் ஒருவருக்கு ஒரே போர்வையை எட்டுக் கைகள் பிடித்துக் கொடுத்துக்கொண்டு, "ஐயா, இந்தப் பக்கம் பாருங்க" என்று அவரை இன்னும் கொஞ்ச நேரம் நடுங்க விட்ட கூட்டத்தில் மூன்றாவது கை யாருடையது என்றும் கேட்கவில்லை. ஆண்டவரிடம் லைக் போடும் பொத்தான் இல்லாததால், அவர் பார்த்தது போதாது என்று நமக்கெல்லாம் தோன்றிவிடுகிறது போலிருக்கிறது. உங்கள் கைபேசியில் கடைசியாக எடுத்த படங்களை வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பனிக்காலம் முடிவதற்குள் வெண்டலுக்கு நெவாடாவில் ஒரு சுரங்கத்தில் வேலை கிடைத்தது. சாமான்களை ஏற்றிவிட்டு, ட்வைலாவை வண்டியில் இருத்திவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். தெருவுக்கு அப்பால் மார்லிஸ் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. மனுஷன் உடைந்துவிட்டார், மனம் வருந்திவிட்டார் என்று நினைத்தேன். ஜெபிக்கலாமா என்று கேட்கப் போனேன். அதற்குள் அவரே வாயைத் திறந்தார்.

"அக்கா, அந்தக் கறிய நெனச்சா எனக்கு இன்னும் தூக்கம் வரல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அடுத்த தடவ சீட்டு விழுந்தா நீங்க கூட வாங்க. படம் எடுக்க அன்னிக்கு ஒரு ஆள் மட்டும் இருந்திருந்தா, கறி கெட்டிருக்காது."