மார்க்கரெட் அம்மாவின் கைப்பையில் ஒரு சாவி

வாழ்க்கையில் நான் உருப்படியாக மிச்சம் பிடித்த ஒரே பொருள் அடுத்தவருடைய பெட்ரோல். எனக்கென்று ஒரு வண்டி இருந்ததே இல்லை. (ஒரு சைக்கிள் இருந்தது. கொடைக்கானல் மேட்டில் நான் அதன்மேல் ஏறிப் போனதைவிட அது என்மேல் ஏறி வந்ததுதான் அதிகம்.) ஆனாலும் பெட்ரோலை எப்படி மிச்சம் பிடிப்பது என்று யாராவது பேச ஆரம்பித்தால் என் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால்தான் ஒரு பள்ளிக்கூடத்து வேனைத் தைல இலைக் குவியலுக்குள் கொண்டுபோய்ச் செருகினேன்.

ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவராததால் படிப்பை விட்டேன். வத்தலக்குண்டில் ஓட்டலில் தட்டு கழுவினேன். லாரியில் கிளீனராகச் சுற்றி, டிரைவர் தூங்கிய நேரங்களில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கூக்காலில் பூண்டு மூட்டை தூக்கினேன். அங்கே ஒரு பனிக்காலம் முழுக்க உருளைக்கிழங்குச் சாக்குக்குள் நுழைந்துதான் படுத்தேன். சாக்கு கதகதப்பாகவே இருக்கும், காதுக்குள் மண் போகும், அவ்வளவுதான். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்காத கால் என்னுடையது. இருபத்தைந்து வயதில் கொடைக்கானலுக்கு வந்து சவரிமுத்து அண்ணனிடம் டாக்சி ஓட்டச் சேர்ந்தேன்.

எழுபதுகள் முடிந்து எண்பது பிறக்கும் சமயம் அது. எங்கேயோ பாலைவனத்தில் யாரோ குழாயை இறுக்கிவிட்டார்களாம், மேகத்துக்குள் இருக்கும் எங்கள் ஊரில் பெட்ரோல் விலை ஏறியது. கொஞ்ச நாளில் இன்னொரு தடவை ஏறியது. எங்கள் மலையில் ஏறுகிற பஸ், லாரி, சுற்றுலாக்காரர் எல்லாமே இறங்கிவிடும். பெட்ரோல் விலை மட்டும் ஏறினால் அங்கேயே வீடு கட்டிக்கொண்டது.

ஊரே மாறிப்போனது. கூக்கால் போகும் ஜீப் முன்பு எட்டுப் பேர் சேர்ந்தால் கிளம்பும். இப்போது பதினாறு பேர் ஏறி, பதினேழாவது ஆள் பானெட் மேல் உட்கார்ந்து, டிரைவருக்கு மறைகிற ரோட்டை அவரே பார்த்துச் சொல்ல வேண்டும். பங்களாக்காரர்கள் காரைக் கொட்டகையில் போட்டுவிட்டு, ஏரியைச் சுற்றிக் கையை வீசி நடக்க ஆரம்பித்தார்கள். கார் வைத்திருப்பவன் நடந்தால் அதற்குப் பெயர் உடற்பயிற்சி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் சுமையோடு ஏறி வருகிறவர் ஒருவர் டீக்கடையில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "எங்க வண்டிக்கு என்னைக்கும் ஒரே வெலதேன்" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

சவரிமுத்து அண்ணன் ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட்டு வைத்திருந்தார். காலையில் குச்சியைப் பெட்ரோல் டாங்கிக்குள் விட்டு எடுப்பார். சாயங்காலம் மறுபடி விடுவார். காய்ச்சல் பார்க்கிற டாக்டர்கூட அவ்வளவு கவலையோடு பார்த்ததில்லை.

"ஏலே மாயாண்டி, ஏறுறதுக்குப் பெட்ரோல் வேணும், ஒத்துக்கிறேன். எறங்குறதுக்கு எதுக்குலே? மலை தானா எறக்கி விடும்ல?"

இப்படித்தான் எங்கள் டிரைவர்கள் எல்லோரும் மலையிறக்கத்தில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட ஆரம்பித்தோம். ஆபத்தான வேலை. அது எங்களுக்குத் தெரியும். பெட்ரோல் விலையும் தெரியும். டீக்கடையில் யார் எந்த வளைவிலிருந்து எந்த வளைவு வரை சொட்டு எரியாமல் வந்தார்கள் என்று போட்டி. அதில் நான்தான் முதல். எனக்கு ஒரு தனி ஸ்டைலும் உண்டு: இன்ஜினை அணைத்ததோடு விடாமல், ஓடுகிற வண்டியிலிருந்து சாவியைக் கழற்றி முன்சீட்டுக்காரர் மடியில் வைப்பேன். "சாவி உங்ககிட்ட இருக்கு, வண்டி போகுது பாருங்க" என்பேன். அவர்கள் வாயைப் பிளப்பார்கள். எங்கள் கிழட்டு அம்பாசடரில் சாவி சும்மா மரியாதைக்கு இருந்தது. கரண்டிக் காம்பைச் செருகினாலும் அது ஸ்டார்ட் ஆகும்.

இந்த நேரத்தில்தான் லெச்சுமி வந்தாள். ஊரிலிருந்து இறங்கும் ரோட்டோரம் தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்று இருந்தது. அவளும் அவள் அப்பா கருப்பையாவும் அங்கே தினக்கூலி. அவர் கொப்பரைக்கு நெருப்புப் போடுவார், அவள் யூகலிப்டஸ் இலையை அரிந்து ரோட்டோரம் குவிப்பாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம். தைல டின்களை டாக்சியில் ஏற்றப் போன இடத்தில் அவளிடம் இரண்டு வார்த்தை பேசினேன். மூன்றாவது வார்த்தையை அவள் அப்பாவிடம் பேசச் சொல்லிவிட்டாள்.

"தம்பி, தோட்டத்துல லயத்து வீட்டுல இருந்தப்ப ஒரு தொரை கடுதாசி குடுத்தான், இங்கயே இருக்கலாம்னான். அப்புறம் ரெண்டு கவர்மெண்டும் சேந்து இன்னொரு கடுதாசி குடுத்துச்சு, போன்னுச்சு. வாய்ப் பேச்ச நம்புறதில்ல. கடுதாசியையே பாதிதான் நம்புறது. நீங்க பெர்மனன்ட் வேலைன்னு ஒரு கடுதாசி கொண்டாங்க. மலைய விட்டு ஓடுற ஆளுக்குப் பொண்ணு கெடையாது."

அவர் பேச்சில் கோபமே இல்லை.

அடுத்த மாதமே ஒரு பள்ளிக்கூடத்தில் டிரைவர் வேலை காலியானது. பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். வேலை நிரந்தரம், முத்திரையோடு கடிதம், தங்க ஒரு அறை. ஆள் எடுக்கிற பொறுப்பு அங்கே ஸ்டோர் பார்க்கும் மார்க்கரெட் அம்மாவுடையது. வெள்ளனே போய் நின்றேன். சளியோடு, கையில் கைக்குட்டை, தோளில் ஜிப் வைத்த பெரிய கைப்பையோடு வந்தார்.

"மாயாண்டி, நம்ம வேன் டெய்லி நாலு தடவை பஜார் போகுது. ரொட்டிக்கு ஒண்ணு, தபாலுக்கு ஒண்ணு. மீதி ரெண்டும் மறந்துட்டு வந்ததை வாங்குறதுக்கு. பெட்ரோல் இப்ப இருக்குற ரேட்டுக்கு இது கட்டுப்படியாகாது. பெட்ரோல் சேவ் பண்ணத் தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியுமாவா! (அந்த இடத்தில் "சுமாரா தெரியும்மா" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

"அம்மா, கீழ பெருமாள்மலை வரைக்கும் ஒரு சொட்டு எரியாமக் கொண்டுபோய் விடுறேன். பாத்துட்டு வேலை குடுங்க."

வேன் வெளிநாட்டுச் சரக்கு. யாரோ வெள்ளைக்காரப் பாதிரியார் ஊருக்குத் திரும்பும்போது பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிட்டுப் போனது. அப்படி ஒரு வண்டியை நான் தொட்டதே கிடையாது. வண்டி என்றால் வண்டிதானே என்று ஏறி உட்கார்ந்தேன். மார்க்கரெட் அம்மா எனக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒரு ஜெபம் சொல்லி, மூக்கைச் சிந்தினார்.

ஊர் எல்லை தாண்டி இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலுக்குத் தள்ளினேன். இன்ஜினை அணைத்தேன். சத்தமே இல்லை. டயர் உருளுகிற ஓசையும் மார்க்கரெட் அம்மா மூக்கு உறிஞ்சுகிற ஓசையும்தான்.

"என்ன, வண்டி நின்னுடுச்சா?"

"வெளிய பாருங்கம்மா. மரம் எல்லாம் பின்னால போகுதுல்ல?"

"அட ஆமா!"

அந்த "அட ஆமா" என் தலைக்கு ஏறியது. முத்திரை வைத்த கடிதம் கண்ணில் தெரிந்தது. கருப்பையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறதே. சாவியைச் சுழற்றிக் கழற்றினேன். திரும்பிப் பார்க்காமலே, விருந்தில் வெற்றிலை நீட்டுவதுபோல் தோளுக்குப் பின்னால் நீட்டினேன்.

"சாவி உங்க கையில இருக்கட்டும்மா. பெட்ரோலுக்கு நீங்களே சாட்சி."

அவர் சாவியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பொறுப்பான பெண்மணி.

முன்னால் ஒரு பஸ் ஏறி வந்தது. அதற்கு வழிவிட ஸ்டியரிங்கை இலேசாக இடது பக்கம் ஒடித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பஸ் போய்விட்டது. ஸ்டியரிங்கை நேராக்கப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். பாறையில் செதுக்கி வைத்ததுபோல் இருந்தது. சாவியை எடுத்தால் திருடன் ஓட்டாதபடி ஸ்டியரிங் தானாகப் பூட்டிக்கொள்ளும் வண்டி அது என்று பிற்பாடு சொன்னார்கள். வெளிநாட்டுக்காரன் திருடனை நினைத்துச் செய்திருக்கிறான். ஓடுகிற வண்டியில் டிரைவரே சாவியைக் கழற்றித் தானம் செய்வான் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

"அம்மா! சாவியக் குடுங்க!"

"எதுக்கு? வேணாம்னுதானே குடுத்தீங்க?"

"இப்ப வேணும்மா! வெரசா!"

ஜிப் திறக்கும் சத்தம். சீப்பு, கண்ணாடிக் கூடு, பெப்பர்மின்ட் ஒவ்வொன்றாகச் சீட்டில் விழும் சத்தம். நான் இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றேன். இன்ஜின் அணைந்த வண்டியில் பிரேக் அரைமனதாகத்தான் பிடித்தது. ரோடு வலது பக்கம் வளைந்தது. நாங்கள் வளையவில்லை.

தோளுக்கு மேல் ஒரு கொத்து நீண்டது. "இதுவா பாருங்க."

"அது ஸ்டோர் ரூம் சாவிம்மா!"

புண்ணியத்துக்கு வலது பக்கம் பள்ளமும் இடது பக்கம் மலையும் இருந்தன. மலையில் சாய்த்து, ஆள் உயரத்துக்கு மேல் குவித்திருந்தார்கள் யூகலிப்டஸ் இலையை. இந்த ரோட்டில் அப்படிக் குவிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது எந்த இடம் என்று புரிந்த வினாடியில் எனக்குப் பிரேக் பிடிக்கவே மனசில்லை. நேராகப் பள்ளத்துக்கே போயிருக்கலாம் என்று பட்டது.

வேன் இலைக்குள் முக்கால்வாசி புகுந்து நின்றது. உள்ளே இருட்டு. ஜன்னல் வழியாக இலை வந்து மடியில் கொட்டியது. தைல வாடை கண்ணைக் கரித்தது. பின்னாலிருந்து நீளமாக ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அடிபட்டுவிட்டதோ என்று திரும்பினேன்.

"ஒரு வாரமா இருந்த சளி போயிடுச்சு, மாயாண்டி" என்றார் மார்க்கரெட் அம்மா. "நீங்களும் போயிடுங்க."

வெளியே இலையை விலக்கிக்கொண்டு ஒரு தலை தெரிந்தது. லெச்சுமி. கையில் அரிவாள்.

"எந்த அறிவு கெட்டவன்யா அது? வெள்ளனே புடிச்சு அரிஞ்ச எலை!" என்றவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் திட்டை நிறுத்தியதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அவளுக்குப் பின்னால் இலை அள்ளும் கவைக்கம்போடு கருப்பையா வந்தார். என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், வேனில் எழுதியிருந்த பள்ளிக்கூடத்துப் பெயரைப் பார்த்தார்.

"டிரைவர் தம்பியா! வேல கெடச்சிருச்சா?" என்றார். நிஜமாகவேதான் கேட்டார்.

நாலு பேர் சேர்ந்து வேனை வெளியே இழுத்தோம். முன்பக்கம் நசுங்கல் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் நான் இழுத்த இழுப்பில் ஸ்டியரிங் பூட்டு உடைந்து உள்ளே சிக்கிக்கொண்டது. சாமான் கடல் தாண்டி வர வேண்டும் என்றார் மெக்கானிக். சவரிமுத்து அண்ணன் விஷயம் கேள்விப்பட்டு, அம்பாசடர் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். வேலை கேட்கப் போய், இருந்த வேலையும் போனது.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். போலீஸ் என்றே நினைத்துப் போனேன்.

"வேன் ரெடியாகிற வரைக்கும் பஜார் சோலி யார் பாக்குறது?" என்றார் மார்க்கரெட் அம்மா. "ஒரு சொட்டு எரியாமக் கொண்டாறேன்னு சொன்னீங்கள்ல? கொண்டாங்க. கூடை அங்க கெடக்கு."

ரொட்டிக் கூடை முதுகில், தபால் பை தோளில். காலையில் இறக்கம், திரும்பி வரும்போது ஏற்றம். முதல் வாரம் தினம் நாலு நடை நடந்தேன். இரண்டாவது வாரம் மூன்றாகியது. ஒரு மாதத்தில் இரண்டே நடை. எல்லோருக்கும் திடீரென்று ஞாபகசக்தி வந்துவிட்டது. வேனை எத்தனை தடவை திருப்பி அனுப்பினாலும் அது பேசாது. எனக்கு வாய் உண்டு. "ஜாம் மறந்துட்டேன் மாயாண்டி" என்று சொல்ல வந்த டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போவார்.

ஏழு மாதம் கழித்து சாமான் வந்தது. வேன் சரியானது. அதற்குள் வேன் இல்லாமலே பள்ளிக்கூடம் நடக்கும் என்று எல்லோரும் கண்டுபிடித்திருந்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வேறு டிரைவர் வந்து எடுத்தார். என்னைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே விடக் கூடாது என்பது மார்க்கரெட் அம்மா உத்தரவு. எனக்கு முத்திரையோடு ஒரு கடிதம் தந்தார்: பஜார் ஆள், நிரந்தரம்.

கருப்பையா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"வண்டி ஓட்டுற வேலைன்னுதானே போனீங்க?"

"இப்ப வண்டியே நான்தாங்க."

"அப்ப பெட்ரோல் வெல ஏறுனா ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது?"

"அரிசி வெல ஏறாம இருந்தாச் சரிங்க."

முதல் தடவையாகச் சிரித்தார். "எலையில பாஞ்சப்பவே நெனச்சேன். ஓடுற ஆளு, எங்க வாசல்ல வந்து நின்னுட்டாரேன்னு."

அந்த மலையை விட்டு நான் அப்புறம் இறங்கவே இல்லை. கல்யாணச் சேலை முழுக்கத் தைல வாடை அடித்ததாக லெச்சுமி இன்னும் சொல்கிறாள். அது அவள் சேலையா என் சட்டையா என்பதில் எங்களுக்குள் வழக்கு தீரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும், "வேன் ஏறப் போறியா?" என்றுதான் கேட்பார்கள். இன்றைக்கும் பெட்ரோல் விலை ஏறியதாகச் செய்தி வரும்போது, "இதுக்கு ஒரு வழி இருக்கு" என்று நான் ஆரம்பிப்பேன். உடனே அடுப்படியிலிருந்து லெச்சுமியின் கை நீளும். மகள் கை நீட்டுவாள், மருமகன் கை நீட்டுவார். இரண்டு வயதுப் பேத்திக்கு இன்னும் தாத்தா என்று சொல்ல வராது, அவளும் உள்ளங்கையை விரித்து நீட்டுகிறாள்.

"சாவியக் குடுங்க."

வீட்டுச் சாவியை எடுத்து அந்தச் சின்னக் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்க நடப்பேன். நடக்கிறதுக்கு இன்னும் விலை ஏற்றவில்லை.