பின்தங்கிய ரொட்டி

ரொட்டி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் லைசென்சுப் படிவத்தில் 'நிறம்' என்ற இடத்தில் 'வெள்ளை' என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். அடித்து எழுதினால் படிவம் செல்லாது. எனக்கு இது தெரியும், ஏனென்றால் அந்த ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். மரத்தடி போய்விடும்.

எண்பத்தேழாம் வருஷம். வேலையிலும் படிப்பிலும் எங்கள் பங்கைக் கொடு என்று சனங்கள் ரோட்டை மறித்த வாரம். கேட்டது நியாயம்தான். வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் குறுக்கே கிடந்ததால் லாரி வரவில்லை, மைதா வரவில்லை, ஈஸ்டும் வரவில்லை. வடக்கனந்தலில் விறகடுப்பில் ரொட்டி சுடுகிற வேடியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்சாதி செவ்வந்தி உட்காரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கிய கேழ்வரகையும் கம்பையும் அரைத்தாள். ஈஸ்டுக்குப் பதில் புளித்த கூழை ஊற்றினாள், ஒட்டுவதற்கு உளுந்து மாவைச் சேர்த்துப் பிசைந்து அடுப்பில் தள்ளினாள்.

கறுப்பாய், கனமாய் ஒரு ரொட்டி வந்தது. வாசனை ரோடு வரைக்கும் போனது. மறியல் செய்தவர்களும் வாங்கினார்கள், மறியலில் மாட்டி நின்ற பஸ்காரர்களும் வாங்கினார்கள். எங்கள் பக்கம் ரொட்டி என்றால் காய்ச்சலில் படுத்தவனுக்கு வாங்கிப் போவது. நல்ல உடம்புக்காரன் ஆசைப்பட்டுத் தின்ற முதல் ரொட்டி இதுதான்.

ரோடு திறந்தது, லைசென்சு புதுப்பிக்கும் மாதமும் வந்தது. சூப்பரின்டெண்டு ராஜாங்கம் ரொட்டியை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது?"

"ரொட்டிங்க," என்றான் வேடியப்பன்.

"ரொட்டின்னா வெள்ளையால்ல இருக்கும்?"

"அது மைதாங்க. இது கேவுருங்க."

"எந்தப் பட்டியல்ல வருது?"

அந்த வருஷம் எந்த ஆபீசிலும் அதுதான் முதல் கேள்வி. ராஜாங்கம் ரொட்டிப் பட்டியலைத் தூசி தட்டி எடுத்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டியல். பால் ரொட்டி இருந்தது, ஆஸ்பத்திரி ரொட்டி இருந்தது, துரைமார் ரொட்டிகூட இருந்தது. கேழ்வரகு இல்லை.

"பட்டியல்ல இல்லாத ரொட்டி சட்டப்படி ரொட்டியே கெடையாது. மாசக் கடைசிக்குள்ள சேக்கலன்னா அடுப்புக்கு சீல் வெச்சுடுவோம்."

வேடியப்பன் முகம் செத்துப்போனது. அந்த அடுப்பை விட்டால் அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வேறு கதி கிடையாது. "சேக்கறதுக்கு இன்னாங்க பண்ணணும்?"

"பின்தங்கிய ரொட்டின்னு நிரூபிக்கணும். மூணு தலைமொறையா எந்த அதிகாரியும் இதத் துன்னதில்லன்னு அதிகாரிங்ககிட்டயே சான்று வாங்கிக்கினு வா."

சிரிக்காதீர்கள். இவ்வளவு சுலபமான சான்றை என் தொழிலில் நான் எழுதியதே இல்லை. நீட்டிய இடமெல்லாம் படித்து முடிக்கும் முன்னே கையெழுத்து விழுந்தது. 'எமது இல்லத்தில் கேழ்வரகு ஒருபோதும் அடுப்பேறியதில்லை' என்று சிவசங்கர் என்ற அதிகாரி தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார். அவர் அம்மா எலவனாசூர்கோட்டையில் தினம் கேழ்வரகுக் களி கிண்டியவர் என்று எனக்குத் தெரியும். மனு எழுதுகிறவன் வாயைத் திறக்கலாமா?

ஆணை வந்தது. 'மேற்படி ரொட்டி பின்தங்கிய ரொட்டியாக இதனால் அங்கீகரிக்கப்படுகிறது. நிறம்: பின்தங்கிய வெள்ளை. அதிகாரிகள் உண்ணத் தொடங்கினால் முன்னேறியதாகக் கருதப்பட்டு லைசென்சு ரத்தாகும்.' வேடியப்பன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினான்.

அப்புறம்தான் வினை வந்தது. ராஜாங்கத்துக்குச் சக்கரை வியாதி. டாக்டர் மைதாவை நிறுத்தி, கேழ்வரகு, கம்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சூப்பரின்டெண்டு தின்பதைக் கீழே இருப்பவர்கள் தின்னாமல் இருப்பது மரியாதையா? ஒரே மாதத்தில் பியூன் வரைக்கும் எல்லாருக்கும் சக்கரை வந்தது. சக்கரை இல்லாதவனை ஆபீசில் மட்டமாகப் பார்த்தார்கள். வடக்கனந்தலில் ஜீப்புகள் வரிசையில் நின்றன.

செவ்வந்தி பதறிப்போனாள். "ஐயா, நீங்க துன்னுகினே இருந்தா எங்க லைசென்சு போய்டுங்களே!"

ராஜாங்கம் வாயில் இருந்ததை விழுங்கினார். "யாரு துன்றது?"

"நீங்கதாங்க."

"சாட்சி இருக்குதா?"

செவ்வந்தி சுற்றிலும் பார்த்தாள். நின்ற ஆள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரொட்டி.

அன்றிலிருந்து மாதாமாதம் ஆபீஸ் மொத்தமும் 'நான் உண்ணவில்லை' என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறது. அடுப்பு தப்பித்தது. ஆனால் போன வருஷம் ராஜாங்கத்துக்கு இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. அதிகாரி தின்கிற பண்டத்தையே சுடுகிறவளும் தின்றால் அவளும் முன்னேறியவள்தானே? முன்னேறியவளுக்குப் பின்தங்கிய ரொட்டி லைசென்சு எப்படி? ஆகவே செவ்வந்தியும் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க் கையெழுத்துப் போட அவள் என்ன அதிகாரி சாதியா? அதனால் தின்பதையே நிறுத்திவிட்டாள்; அந்த வீட்டில் இப்போது பிள்ளைகளுக்கும் மைதா ரொட்டிதான், காய்ச்சல் இல்லாமலே.

போன மாதச் சான்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'எழுதியவரும் உண்டதில்லை' என்று கடைசியில் நான் எழுதும் வரியின்மேல் கறுப்பு ரொட்டித் துகள் ஒட்டியிருந்ததாம். வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை கையைக் கழுவிவிட்டு எழுதினேன்.