பாத்திக்கு முன்னே பாதை

கத்தரிக்காய் வேண்டுமென்றால் கத்தரி நடுவார்கள், அவ்வளவுதானே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், பாவம், உங்களுக்குப் பாதைக்காரரைத் தெரியவில்லை. அவர் ஒரு தனி இனம். ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். திண்டிவனத்தில் கொஞ்சம் கூடுதல் என்று கேள்வி. அவரிடம் ஒரு கைக்குட்டை அகலத்துக்கு நிலம் கொடுத்துப் பாருங்கள். விதை எங்கே, தண்ணீர் எங்கே என்றா கேட்பார்? கேட்கவே மாட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, "ஆள் எப்படிப் போறது, எப்படி வர்றது?" என்பார். அதற்குப் பதில் கிடைக்கும்வரை அந்த நிலத்தில் ஒரு புல்லுக்குக்கூட அனுமதி கிடையாது.

இப்படி ஒருவருக்குத்தான் லூர்துசெல்வி வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவர் பெயர் பெரியநாயகம். தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டிச்சேரி ரோட்டில் எந்த வண்டி எப்போது கிளியனூரைத் தாண்டலாம், எந்த வண்டி எதை முந்தக்கூடாது என்று காலமெல்லாம் விசில் ஊதியே பழகியவர். போதாக்குறைக்கு, அவர் ஓய்வு பெற்ற சமயம் பார்த்து ஊருக்கு வெளியே நாலு வழிச் சாலை போட ஆரம்பித்தார்கள். மனிதர் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ரோலர் ஓடுவதையும் தார் ஊற்றுவதையும் தேர் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டில் சோற்றைத் தட்டிச் சமப்படுத்தி, நடுவில் சாம்பாருக்கு வழிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

லூர்துசெல்விக்கு இருந்த ஆசையோ சின்னது. அவளுக்குக் கொஞ்சம் மண் வேண்டும். குடியிருந்தது வாடகை மாடியில். கீழ்வீட்டு லட்சுமியம்மாள் வீட்டுக்காரி. ஒரு தகர டப்பாவில் மிளகாய்ச் செடி வைத்ததற்கே, "செவுரு ஓதம் அடிக்குது, எடுத்துடு" என்று மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். பிறந்த வீட்டில் முகையூர்ப் பக்கம் காடுகரை இருந்தது. அது அண்ணன்மார்களுக்குப் போயிற்று. ஆக, நாற்பது தாண்டியும் சொந்தக் கையால் நட்ட ஒரு வெண்டைக்காயை அவள் நறுக்கியதில்லை. கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். அவளுக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை.

அந்த வருஷம் ஈஸ்டர் சமயத்தில் மாதா கோயில் பங்குச் சாமியார் ஒரு நல்ல காரியம் செய்தார். கோயிலுக்குப் பின்னால் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த நிலத்தைச் சுத்தம் பண்ணி, துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட்டுச் சாப்பிடுங்கள் என்று குலுக்கல் முறையில் குடும்பங்களுக்குக் கொடுத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாதா திருவிழாக் கொடியேற்றத்தன்று காலையில் பங்குப் பேரவைச் செயலாளர் சுற்றிப் பார்க்க வருவார்; எந்தத் துண்டில் பயிர் நிற்கவில்லையோ அது வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். குலுக்கலில் தன் பெயர் வந்ததும் லூர்துசெல்வி எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். பெரியநாயகம் அழவில்லை. அவர் அப்போதே நிலத்தின் மூலைக்கு மூலை எட்டு வைத்து நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அவள் வாளி நிறையக் கத்தரி நாற்றோடு போனாள். "நில்லு!" என்றார் அவர். கையில் சணல் கயிறு, முளைக்குச்சிகள், சுண்ணாம்புப் பொடி, யாரோ கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டம்.

"இன்னாங்க, நாத்து வாடிடும்."

"நாத்து எங்க போயிடப்போவுது? முதல்ல வழி. நாளைக்கி நீ தண்ணி ஊத்தப் போறப்ப செடிய மிதிச்சிக்கினுதான் போவியா?"

"ஓரமாப் போவேன்."

"ஓரமாப் போவேன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அப்புறம்தான் ஆக்சிடெண்ட்டு."

கயிறு கட்டினார். நடுவில் ஒரு மெயின் ரோடு. அதைக் குறுக்கே வெட்டி இரண்டு கிளைச் சாலை. சுற்றிலும் ஒரு பைபாஸ், ஏனென்றால் கீரை பறிக்க வந்தவர்கள் கத்தரிக்காய் பறிக்க வந்தவர்களோடு மோதிக்கொள்ளக் கூடாது. கிணற்றடி முனையில் திரும்புவதற்கு ஒரு வட்டம். இத்தனையும் போக மிச்சம் இருந்த இடங்களில் பாத்தி. அந்த மிச்சத்தை அவள் பார்த்தாள். ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் தலை மெயின் ரோட்டுக்கு வந்துவிடும்.

"இம்மாம் அகலம் எதுக்குங்க?"

"எதிர்ல ஒரு தள்ளுவண்டி வந்தா?"

"நம்மகிட்டத் தள்ளுவண்டியே இல்லியே."

"நாளைக்கி வாங்குவோம். அப்ப ரோட்டை அகலப்படுத்த முடியுமா? நட்ட செடியைப் புடுங்கணும். நீதான் மொத ஆளா வந்து நின்னுக்கினு சண்டை போடுவ."

பாதைக்காரரோடு வாதாடி ஜெயித்தவர் உண்டா? கிடையாது. அவர் இன்றைக்குப் பேசுவதில்லையே, நாளைக்கு வரப்போவதைப் பற்றியல்லவா பேசுகிறார்! நாளைக்கு வரப்போகும் தள்ளுவண்டிக்கு எதிராக வாடிக்கொண்டிருக்கும் நாற்று என்ன சாட்சி சொல்ல முடியும்? அன்று சாயங்காலம் வாளியிலேயே எல்லா நாற்றும் தலை சாய்ந்தன.

வழி வகுத்தாயிற்று. இனிமேலாவது நடலாமா? அவசரப்படாதீர்கள். வழி வகுப்பது பாதைக்காரருக்குப் பல் விளக்குவது மாதிரி. சாப்பாடு என்பது மேல்தளம் போடுவதுதான். முதலில் மணல் கொட்டினார். ஒரு மழைக்கு அது பக்கத்துத் துண்டுக்காரி அக்னஸின் வெண்டைப் பாத்திக்குக் குடிபெயர்ந்தது. உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பரப்பினார். அவர் காலையே கிழித்தது. பொம்மையார்பாளையம் கடற்கரைக்குப் போய்க் கிளிஞ்சல் மூட்டை கொண்டுவந்து கொட்டினார். பளபளவென்று கோயில் மாதிரி இருந்தது, மறுநாள் அதில் மீன் வாசம் பிடித்துத் தெரு நாய்கள் அத்தனையும் வந்து மெயின் ரோட்டில் பொதுக்கூட்டம் போட்டன. செம்மண் அடித்தார், தூறல் விழுந்ததும் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டு மாடிவரை பாதை வந்துவிட்டது, லட்சுமியம்மாள் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டி எடுத்து, திமிசுக்கட்டையால் இடித்து, ரசமட்டம் வைத்து, மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பார். பூசையில் திவ்விய நற்கருணைக்கு முன்னால்கூட அந்த மனிதர் அவ்வளவு தாழ்ந்து பணிந்ததில்லை.

சுரண்டியதை எல்லாம் எங்கே போட்டார் என்கிறீர்களா? பாத்தியில்தான். வேறு எங்கே போடுவது, பாதையிலா போட முடியும்? மணலும் ஓட்டுச் சில்லும் கிளிஞ்சலுமாகப் பாத்திகள் குப்பைமேடாகிக் கொண்டே வந்தன. இதற்குள் அக்னஸ் இரண்டு வெண்டை பறிப்பு முடித்திருந்தாள். அவள் துண்டில் பாதையே இல்லை, பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்று பறித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

"யக்கா, இந்தா, குழம்புக்கு வச்சுக்க" என்று ஒரு நாள் முந்தானையிலிருந்து வெண்டைக்காயை எடுத்து நீட்டினாள்.

லூர்துசெல்வி வாங்கிக்கொண்டாள். தனக்கும் நிலம் இருக்கிறது, அடுத்தவள் காயைப் பிச்சை வாங்குகிறோமே என்று இருந்தது. அன்று குழம்பு வைத்தாள். பெரியநாயகம் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "காய் நல்லாத்தான் இருக்குது. ஆனா அவ தோட்டத்துல ஒரு ஒழுங்கு இருக்குதா பாத்தியா?" என்றார்.

ஆடி பிறந்தது. நண்பர் ஒருவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் வைத்திருந்தார். அங்கே மலைமலையாகத் தோல் கிடந்ததைக் கண்ட பெரியநாயகத்துக்குக் கண் திறந்துவிட்டது. மெத்து மெத்தென்று இருக்கும், சேறாகாது, காலைக் கிழிக்காது, நாய் சீண்டாது. மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மெயின் ரோடு, கிளைச் சாலை, பைபாஸ், வட்டம், எல்லா இடத்திலும் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி, லேசாக மண் தூவி, தண்ணீர் தெளித்து இடித்தார். "இனிமே பத்து வருஷத்துக்கு இதை அசைக்க முடியாது" என்று மேலும் கீழும் நடந்து காட்டினார்.

மில் மெஷின் எல்லா மல்லாட்டையையும் உடைக்காது, பொடிக்காய் ஒன்றிரண்டு தப்பித்துத் தோலோடு வந்து விழும் என்பது அந்த வட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். பாதைக்காரருக்கும் தெரியும்தான். ஆனால் அவர் பாதை பார்க்கும்போது காய் தெரிவதில்லை. மண் தூவி, தண்ணீர் தெளித்து, அமுக்கி விட்டார் அல்லவா? விதைக்கிறவனும் அதைத்தானே செய்கிறான்! இரண்டு நல்ல மழை பெய்தது. நடுச்சாலையில் பச்சைப் பச்சையாகத் தலை தூக்கிற்று.

முதலில் பார்த்தது லூர்துசெல்விதான். "ரோட்டுல புழுதி பறக்குதுங்க, கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டு வர்றேன்" என்று தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். சாலைப் பராமரிப்பில் மனைவிக்குத் திடீரென்று வந்த அக்கறையைப் பார்த்து அவர் பூரித்துப் போனார். நாலு வழிச் சாலைக்கு அப்போது பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை மேற்பார்வை பார்க்கவே அவருக்கு நேரம் போதவில்லை, தோட்டத்துப் பக்கம் வரவில்லை. செடி குத்துக் குத்தாகப் பரந்து மஞ்சள் பூ வைத்தது. மகளே, கொடியேற்றம்வரை பொறுத்துக்கொள் என்று ஒவ்வொரு செடியிடமும் அவள் கெஞ்சிவிட்டு வந்தாள்.

கொடியேற்றத்தன்று காலை, செயலாளர் வருகிறாரே, பாதையைக் கொஞ்சம் கூட்டி வைப்போம் என்று பெரியநாயகம் போனார். போனவர் திகைத்து நின்றார்.

"இன்னாடி இது? ரோட்டை முழுக்க ஆக்கிரமிப்பு பண்ணிக்கினு கீது!"

"மல்லாட்டைங்க. பூ வச்சிருக்குது."

"பாத்தா தெரியுது. ஜல்தி மம்முட்டிய எடு. அவர் வர்றதுக்குள்ள கிளியர் பண்ணணும். மானம் போயிடும்."

நியாயம்தானே? நிலமே போகப்போகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அழுக்குப் பாதையை ஒரு செயலாளர் பார்த்துவிட்டால் மனிதன் எப்படி வெளியே தலை காட்டுவது? அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினார். லூர்துசெல்வி மெயின் ரோட்டில், செடிகளுக்கு நடுவில், சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"இன்னா பேஜாரு இது? ரோட்டுல வந்து குந்திக்கினு..."

"மறியல்னு வச்சுக்கங்க. நம்ம ஊர்ல ரோட்டுல குந்துனாத்தான் எதுவும் நடக்குது. ஈஸ்டர்லேர்ந்து ஓரமாவே நின்னுட்டேன். வாடிப்போன நாத்துக்குக் கணக்கு இல்ல. இந்தத் துண்டும் போச்சுன்னா எனக்குன்னு இந்த லோகத்துல ஒரு புடி மண்ணு கெடையாது. செடிமேல மம்முட்டி படணும்னா என்மேல பட்டுட்டுப் போவட்டும்."

பஸ் மறியல்களை வாழ்நாளில் நிறையப் பார்த்தவர் பெரியநாயகம். அப்போதெல்லாம் வண்டியை மயிலம் வழியாகத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இந்த மறியலுக்கு மாற்றுப் பாதை எதுவும் அவர் மனதில் ஓடவில்லை. மண்வெட்டியும் கையுமாக நிற்கும்போதே பேரவைச் செயலாளர் ஆரோக்கிய ஜெனித் வந்துவிட்டார்.

செயலாளர் பாத்திகளைப் பார்த்தார். ஓடு, கிளிஞ்சல், மணல். பிறகு பாதையைப் பார்த்தார். பச்சைப் பசேலென்று மல்லாட்டை, நடுவே கண்ணீரும் கம்பலையுமாக ஒரு அம்மா.

"இன்னாண்ணே, எல்லாம் இடம் மாறி இருக்குது?"

பெரியநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாதைக்காரர் இனத்தின் முழு மகிமையும் தெரிவது இங்கேதான், கவனியுங்கள்.

"நம்ம பிளானே அதான் தம்பி. எல்லாரும் பாத்தில பயிர் வச்சிட்டு பாதைய வீணா வுட்டுடறாங்க. நான் பாதையிலேயே வச்சிட்டேன். ஒரு முழம் வேஸ்ட் கெடையாது."

செயலாளர் நிபந்தனையை நினைத்துப் பார்த்தார். பயிர் நிற்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தது. எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, "சரி, அம்மா எழுந்திருங்க. இது உங்க துண்டுதான்" என்று சொல்லிவிட்டு அக்னஸ் பக்கம் போனார்.

மல்லாட்டை விளைந்தது. லூர்துசெல்வி தன் கையால் பிடுங்கி, மண்ணை உதறி, உப்புப் போட்டு வேகவைத்தாள். முதல் காயை உரித்து வாயில் போட்டபோது தன்னையறியாமல் சிரித்தாள். லட்சுமியம்மாளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். பெரியநாயகம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, பிடுங்கிய இடமெல்லாம் பள்ளமாகிவிட்டது, சாலை என்ன ஆவது என்று வருத்தப்பட்டார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. பயிர் பாதைக்கு வந்துவிட்டதால் பாத்தி சும்மாதானே கிடக்கிறது? ஓடும் மணலும் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது, இடித்தால் போதும். மறுநாளே அங்கே புதுப் பாதைக்குக் கயிறு கட்டிவிட்டார். அவள் தடுக்கவில்லை, மெயின் ரோடும் பைபாஸுமாக அகலமான இடம் முழுவதும் இப்போது அவளுடையது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. பெரியநாயகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அவரும் பிற பாதைக்காரர்களைப் பற்றிச் சொல்லி இப்படித்தான் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்த கையோடு உங்கள் வீட்டுக்குள் ஒரு பார்வை பாருங்கள். வீடு கட்டி முடியட்டும், பையன் படிப்பு முடியட்டும், வண்டி வாங்கட்டும் என்று நீங்கள் எதையோ நேராக்கிச் சமப்படுத்திக்கொண்டு இருக்கும்போது, பக்கத்தில் ஒருத்தி வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளே, அவள் இன்னும் நிற்கிறாளா? எழுந்து போய்ப் பாருங்கள். எல்லா வீட்டிலும் மழை வந்து காப்பாற்றாது.